அப்பா தலைகீழாகக் குத்திய ஐந்து பைசா

என்னிடம் இரண்டு பீரங்கி, ஒரு போர்க்கப்பல், நான்கைந்து சண்டை விமானம், துப்பாக்கியோடு நிற்கும் சிப்பாய்கள் ஒரு படையளவு இருக்கிறார்கள். எல்லாரும் தபால்தலைகளில் இருப்பதால் சாப்பாட்டு மேசையிலேயே தங்கவைக்க முடிகிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெண்கள் கோயில் குளம் என்று போவார்கள், இவள் போருக்குப் போய்விட்டாள் என்று என் வீட்டுக்காரர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். பெரியநாயக்கன்பாளையத்தில் தண்ணீர் பம்புக்கு உதிரிப் பாகம் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். இரும்பைத் தவிர உலகத்தில் வேறு எதையும் பத்திரப்படுத்தத் தேவையில்லை என்பது அவர் எண்ணம்.

போன வருஷம் கோயமுத்தூரில் ஒரு தபால்தலைக் கண்காட்சி வைத்தார்கள். ஆளுக்கு ஒரு பலகை, பலகைக்குப் பதினாறு தாள். நான் எடுத்துக்கொண்டது தபால்தலைகளில் போர். இரண்டாம் உலகப்போர் முடிந்து வெற்றி என்று போட்டு வந்த தபால்தலைகளில் ராஜா முகம்தான் இருக்கும், சண்டை போட்டவன் முகம் இருக்காது. முதல் உலகப்போரில் எங்கோ பதுங்குகுழிச் சேற்றில் கிடந்த நம் சிப்பாய்க்கு நூறு வருஷம் கழித்துத்தான் ஒரு தபால்தலை கிடைத்தது. இதையெல்லாம் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. வீட்டில் ஆரம்பித்தால் எல்லாருக்கும் உடனே ஏதாவது வேலை வந்துவிடும். கண்காட்சி என்றால் பார்க்க வந்தவர்கள் அப்படித் தப்பிக்க முடியாது.

பதினைந்தாம் தாளில் மட்டும் ஒரே ஒரு தபால்தலை. அது பெரிய தலைவரும் இல்லை, பீரங்கியும் இல்லை. எழுபத்தொன்றில் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் கூட்டம் கூட்டமாக வந்தபோது, கடிதம் போடும் ஒவ்வொருவரும் ஐந்து பைசா கூடுதலாக ஒட்ட வேண்டும் என்று அரசு உத்தரவு போட்டது. அதற்கென்று தனித் தபால்தலை அச்சாகி வரும்வரை காத்திருக்க முடியாது. கையிருப்பில் இருந்தது குடும்பக் கட்டுப்பாட்டுத் தபால்தலை. சிவப்பு நிறத்தில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். அதன்மேலேயே அகதி நிவாரணம் என்று கறுப்பில் அடித்து விற்கச் சொன்னார்கள். அச்சடித்தது வந்து சேராத சில ஊர்களில் ரப்பர் முத்திரை செய்து கையாலேயே குத்தினார்கள். அளவான குடும்பம் ஒரே நாளில் அகதிக் குடும்பம் ஆகிவிட்டது.

அப்படிக் கையால் குத்தியவர்களில் என் அப்பாவும் ஒருவர். ஒரு சின்னத் தபால் நிலையத்தில் குமாஸ்தா. மேலதிகாரி பக்கத்து அறையில் தும்மினால் இவர் இங்கே எழுந்து நிற்பார். நாள் முழுக்கக் குத்தியதில் ஒன்றே ஒன்று தலைகீழாக விழுந்துவிட்டது. அதிகாரி கண்ணில் பட்டால் மெமோ நிச்சயம். அப்பா தன் சட்டைப்பையிலிருந்து ஐந்து பைசாவை எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டு, அந்தத் தபால்தலையைத் தனியே பிரித்து மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் ஒளித்துக்கொண்டார். நான் தபால்தலை சேர்க்க ஆரம்பித்துப் பல வருஷம் கழித்துத்தான் அதைக் கண்ணில் காட்டினார்.

"இதையும் வெச்சுக்க கண்ணு. அந்தச் சண்டைல நான் பண்ணுன வேலை இதுதான்" என்றார்.

இப்போது அப்பா இல்லை. அவர் கைபட்டது என்று என்னிடம் மிஞ்சியது அது ஒன்றுதான். விவரம் தெரிந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு, இந்த ஒரு தாளுக்கே பரிசு கொடுக்கலாம் என்றார்கள். பரிசு வேண்டாம் என்று பொய் சொல்ல மாட்டேன், வேண்டும்தான். ஆனால் அதைவிட, வாழ்நாள் முழுக்க யார் கண்ணிலும் படாமல் போய்வந்த ஒரு மனிதரின் தப்பை நாலு பேர் குனிந்து உற்றுப் பார்க்க வேண்டும் என்று எனக்கு இருந்தது.

கண்காட்சி முடிந்த பத்தாம் நாள் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு உடுமலைப்பேட்டை, தென்னந்தோப்புக்காரர்கள். நெருங்கிய சொந்தங்களுக்கு நேரில் போய்த் தாம்பூலத்தோடு பத்திரிகை வைத்தோம். மற்றவர்களுக்குத் தபாலில் அனுப்ப நாற்பது கவர். பத்திரிகையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுவது என் வேலை. கவரில் தபால்தலை ஒட்டுவது வீட்டுக்காரர். பிறகு பட்டறை அலுவலகத்தில் இருக்கும் பெண் முகவரி எழுதித் தபாலில் சேர்த்துவிடுவாள். வேலையை இப்படிப் பிரித்துக் கொடுத்தது நான்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கவர்கள் போய் நான்கு நாள் கழித்து, தாள்களை ஒருமுறை சரிபார்க்கலாம் என்று எடுத்தேன். பதினைந்தாம் தாளில் பிளாஸ்டிக் உறை இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. வீட்டுக்காரர் மதியச் சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தார்.

"அந்தக் குட்டிக் குடும்பமா அம்மணி? அதை ஒரு கவர்ல ஒட்டிப்போட்டேன்" என்றார், ரசத்தை ஊற்றிக்கொண்டே.

ஒட்டும்போது ஐந்து ரூபாய்த் தபால்தலை ஒன்று மூலையில் கிழிந்துவிட்டதாம். கல்யாணக் கவரில் கிழிசல் தெரியக் கூடாதே என்று, மறைப்பதற்குச் சின்னதாக ஒன்றைத் தேடியிருக்கிறார். மேசையில் இருந்ததெல்லாம் பீரங்கியும் துப்பாக்கியும். பெண் கல்யாணத்துக்குப் பீரங்கியை அனுப்ப முடியுமா? தாயும் தகப்பனும் பிள்ளைகளுமாக இது ஒன்றுதான் மங்களகரமாக இருந்திருக்கிறது. மேலே ஏதோ கறுப்பாக அழுக்குப் பட்டிருந்ததை எச்சில் தொட்டுத் துடைத்தும் பார்த்திருக்கிறார். நல்லவேளையாக அது போகவில்லை. கோந்து தீர்ந்துவிட்டதால் பம்புக்குக் கேஸ்கட் ஒட்டும் பசையைப் போட்டிருக்கிறார். பம்பே கழன்றாலும் அது கழலாது என்று எனக்கு ஆறுதல் வேறு சொன்னார்.

எந்தக் கவர், யாருக்குப் போனது என்று கேட்டேன். அவர் ஒட்டும்போது எதிலும் முகவரி இல்லை. முகவரி எழுதிய பெண்ணுக்கு நாற்பது கவரும் ஒன்றுபோலத்தான் இருந்தன. அதன்பிறகு நான் பேசியதை இங்கே எழுதப்போவதில்லை. ரசம் ஆறும்வரை பேசினேன்.

பேசி முடித்த கையோடு, கோபம் தணிவதற்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவைத் திறந்தேன். அதில் நூற்றுச் சொச்சம் பேர் இருக்கிறார்கள். தபால்தலை என்று விவரமாக எழுதினால், உதவி செய்கிறேன் என்று யாராவது கவரை வெந்நீரில் ஊறப்போட்டுப் பிய்த்துவிடுவார்கள் என்ற பயம். அதனால் புத்திசாலித்தனமாகச் சுருக்கி எழுதினேன். "தபாலில் வந்த எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையைக் கவரோடு அப்படியே வைத்திருக்கவும். நானே நேரில் வந்து திரும்ப வாங்கிக்கொள்கிறேன். காரணம் நேரில்."

காலை வணக்கம் என்று ஒரு ரோஜாப்பூவைப் போட்டால் நாற்பது பேர் கும்பிடும் குழு அது. என் செய்திக்கு ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. விஷயத்தின் கனம் எல்லாருக்கும் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் வைத்த பத்திரிகையைத் திரும்ப வாங்கும் வழக்கமே கிடையாது. மஞ்சள் தடவிய பத்திரிகை ஒரு வீட்டுக்குள் போய்விட்டால், கல்யாணம் முடியும்வரை அந்த வீட்டுச் சாமி மாடத்தை விட்டு நகராது. அதைத் திரும்பக் கேட்டால், கல்யாணம் நின்றுவிட்டது என்றுதான் அர்த்தம். இது எனக்குத் தெரியாததா? நன்றாகத் தெரியும். ஆனால் அன்றைக்கு என் கண்ணுக்குப் பத்திரிகையும் தெரியவில்லை, கல்யாணமும் தெரியவில்லை. கவரின் வலது மூலை மட்டும்தான் தெரிந்தது.

மறுநாள் காலையில் முதலில் துடியலூர் போனேன். வீட்டுக்காரருக்கு ஒன்றுவிட்ட அக்கா, எனக்கு நாத்தனார் முறை. வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார், உட்கார்ந்த பிறகும் விடவில்லை. காபி வந்தது, முறுக்கு வந்தது. எதற்கு வந்தாய் என்று மட்டும் கேட்கவில்லை. கேட்பது மரியாதை இல்லை அல்லவா.

"மனசைத் தேத்திக்க கண்ணு. யாரு மேல தப்புன்னு இப்பப் பேசி என்னாகப்போவுது" என்றார்.

தப்பு முழுக்க எங்கள் வீட்டில்தான், இவர் முன்னப்பின்ன யோசிக்காமல் செய்துவிட்டார், எங்கப்பா இருந்திருந்தால் உடைந்து போயிருப்பார் என்று நானும் மனம்விட்டுச் சொன்னேன். நாத்தனார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு தபால்தலைக்காக அழக்கூடிய மனுஷி நம் சொந்தத்திலேயே இருந்திருக்கிறார், இத்தனை வருஷம் தெரியாமல் போய்விட்டதே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. சாமி மாடத்திலிருந்து கவரை எடுத்து வந்தார். மூலையில் வெறும் ஐந்து ரூபாய்தான். இது இல்லைங்க, இதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று திருப்பிக் கொடுத்தேன். நின்றுபோன கல்யாணத்துக்குத் தன்னை மட்டும் ஏன் அழைக்கிறார்கள் என்று அவர் குழம்பியிருக்க வேண்டும். ஆனால் அதையும் கேட்கவில்லை.

அடுத்தது கவுண்டம்பாளையத்தில் வீட்டுக்காரரின் பழைய கூட்டாளி. அங்கே நான் சொல்வதற்கு முன்பே கவரை முன்னறை மேசையில் எடுத்து வைத்திருந்தார்கள். அதிலும் இல்லை. கிளம்பும்போது அவர் என்னைத் தனியாக அழைத்து, தனக்குத் தெரிந்த நல்ல வக்கீல் ஒருவர் இருக்கிறார், வேண்டுமானால் பேசிப் பார்க்கலாம் என்றார். தபால் துறைமேல் வழக்குப் போடச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவ்வளவு தூரம் போக வேண்டாமுங்க, பொருள் எங்கேயோ பத்திரமாகத்தான் இருக்கிறது, கிடைத்தால் போதும் என்றேன். மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுத்த நகையைச் சொல்கிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டது எனக்கு அப்போது தெரியாது.

மூன்றாவதாகக் கிணத்துக்கடவு. தூரத்துச் சொந்தம், என் வயதுப் பெண்மணி. போனதும் இலை போட்டுவிட்டார். ஒரு தபால்தலையைத் தேடி வருகிறவளுக்கு இரண்டு பொரியலோடு விருந்தா என்று மனதுக்குள் நெகிழ்ந்தபடி சாப்பிட்டேன். மோர் ஊற்றும்போது அவர் தன் கைப்பேசியை என் இலைக்குப் பக்கத்தில் நகர்த்தினார். அதில் மீசை வைத்த ஒரு பையன் கார்மேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான்.

"எங்க மச்சாண்டார் பையனுங்க. ஓசூர்ல நல்ல வேலை. அவசரமில்லீங்க, உங்க மனசு ஆறுனதுக்கப்புறம் ஜாதகம் அனுப்பறேன்" என்றார்.

மோர்ச்சோறு அப்படியே கையில் நின்றது. முறுக்கு, கண்ணீர், வக்கீல், இரண்டு பொரியல் எல்லாம் எனக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டன. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. கையைக் கழுவுவதற்குள் பெங்களூரிலிருந்து மகள் கூப்பிட்டாள். என் கல்யாணம் நின்றுவிட்டதாமே, ஆபீஸில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன், அதைத் திரும்ப வாங்க வேண்டுமா என்று நிதானமாகக் கேட்டாள். நிதானத்தில் அவள் அப்பாவைக் கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் அந்த அப்பாவே கூப்பிட்டார். சம்பந்தியம்மா உடுமலையிலிருந்து தனியாகக் கார் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறார், கொடுத்த தண்ணீரைக்கூடத் தொடவில்லை என்றார்.

கிணத்துக்கடவிலிருந்து வீடு வந்து சேரும்வரை ஒவ்வொரு சிக்னலிலும் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். ஒன்றும் தேறவில்லை. சம்பந்தியம்மா நாற்காலியின் நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரர் சுவரோரமாக நின்றார். தண்ணீர்ச் சொம்பு வைத்த இடத்திலேயே இருந்தது.

"ஏனுங்க, வேண்டாமுன்னா எங்ககிட்டயே நேரா சொல்லியிருக்கலாமுங்க. ஊருபூராப் பத்திரிகையத் திரும்ப வாங்கறீங்களாமா. எங்க ஊட்டுக்கு நீங்க வார வரைக்கும் நாங்க எதுக்குங்க காத்திருக்கோணும். நானே கொண்டாந்துட்டேன்."

சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினார். சம்பந்தி வீட்டுக்குத்தான் நேரில் வைத்தாகிவிட்டதே என்று அவர்களை நான் தேடும் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. நான் தவறிப்போய்ச் சேர்த்துக் கொடுத்திருந்த அவர்கள் பெயரையும் பட்டறைப் பெண் விடாமல் எழுதியிருக்கிறாள். கவரின் வலது மூலையில் கிழிந்த ஐந்து ரூபாயும், அதன்மேல் சாய்வாகச் சிவப்புக் குடும்பமும் இருந்தன. எங்கள் ஊர்த் தபால் முத்திரை வட்டமாக விழுந்து குடும்பத் தலைவரின் தோளைத் தொட்டிருந்தது. கறுப்பில் அப்பாவின் தலைகீழ் எழுத்து பழையபடி அப்படியே இருந்தது.

என் கை தானாக நீண்டது. மறைக்க என்ன இருக்கிறது, அந்த நொடியில் எனக்கு அது வேண்டும், வேறு எதுவும் வேண்டாம். விரல் கவரைத் தொடப்போகும்போதுதான் நீட்டிய அவர் கையைப் பார்த்தேன். நீட்டினாலும் விரல்கள் கவரை விடாமல் பிடித்திருந்தன. குரலில் இருந்த மிடுக்குக் கையில் இல்லை. இதை நான் வாங்கிக்கொண்டால் எல்லாம் முடிந்தது என்று மனதைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். கையை மடக்கிப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அகதிகள், ஐந்து பைசா, அப்பா, கண்ணாடிக் கூடு, கேஸ்கட் பசை, வாட்ஸ்அப் என்று சொல்லிக்கொண்டே போனேன். நடுநடுவே வீட்டுக்காரர் தன் பங்குக்குத் தலையாட்டினார்.  சம்பந்தியம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கவரைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இந்தக் கறுப்பு எழுத்துங்களா தலைகீழா இருக்குது? இதுக்குங்களா நான் உடுமலைல இருந்து அழுதுட்டே வந்தேன்?"

சிரிக்க ஆரம்பித்தவருக்குப் புரையேறி, தொடாமல் வைத்திருந்த சொம்புத் தண்ணீரை எடுத்துக் குடித்தார். குடித்து முடித்ததும், அப்பாவுடையது என்றால் அது உங்களிடம்தான் இருக்க வேண்டும், மூலையை மட்டும் வெட்டிக் கொடுத்துவிடுகிறேன், ஒரு கத்தரிக்கோல் கொடுங்கள் என்றார். திரும்பிப் பார்த்தால் வீட்டுக்காரர் அதற்குள் கத்தரிக்கோலோடு வந்து நிற்கிறார். முப்பது வருஷத்தில் நான் கேட்காமலே அவர் எடுத்துவந்த முதல் பொருள் அது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

"வேண்டாமுங்க. இது உங்க ஊட்லயே இருக்கட்டுமுங்க" என்றேன்.

சொல்லும்போதும் என் கண் அந்த வலது மூலையில்தான் இருந்தது. பெரிய மனது பண்ணிச் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கல்யாணம் முடிந்ததும் கேட்டு வாங்கிக்கொள்ளலாமே என்று பின்னால் பலர் சொன்னார்கள். அந்தப் பசைக்கு வெட்டாமல் எடுக்க வழியில்லை. மகள் வாழும் வீட்டுப் பத்திரிகையில் கத்தரி வைக்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை. சம்பந்தியம்மா கவரைப் பைக்குள் வைத்துக்கொண்டு, இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். குழுவில் அன்றே நீளமாக விளக்கம் எழுதினேன். நாற்பது பேர் கும்பிட்டார்கள். கிணத்துக்கடவுப் பெண்மணி மட்டும் சற்று வருத்தத்தோடு கும்பிட்டதாக எனக்குத் தோன்றியது.

கண்காட்சியில் பதினைந்தாம் தாளை வெறும் உறையோடு வைத்தேன். கீழே நடந்ததை நாலு வரி எழுதியிருந்தேன். பரிசு, ரயில் வண்டிகள் வைத்திருந்த ஒருவருக்குப் போனது. நடுவர் என் பலகையைப் பார்த்துவிட்டு, காலி இடத்துக்கு மதிப்பெண் போட விதியில் இடமில்லை என்று வருத்தம் தெரிவித்தார். மூன்றாம் நாள் சம்பந்தியம்மா மாப்பிள்ளையோடு வந்தார். பீரங்கி, கப்பல் எதையும் பார்க்காமல் நேரே பதினைந்தாம் தாளுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். ஏன் ஒன்றும் இல்லை என்று குனிந்து பார்த்த ஒவ்வொருவருக்கும் அவரே முழுக்கதையையும் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் கதையில் அகதிகள் பெருகினார்கள், அதிகாரி கொடுமைக்காரர் ஆனார், அப்பா விடிய விடிய முத்திரை குத்தினார். நான் திருத்தவில்லை. கடைசியில் ஒரு பெரியவர் என்னிடம் வந்து, உங்கப்பா ராணுவத்தில் என்னவாக இருந்தார் என்று மரியாதையாகக் கேட்டார்.

"குமாஸ்தாங்க. தபால் ஆபீசுல. ஒண்ணே ஒண்ணு தலைகீழாக் குத்திப்போட்டாரு" என்றேன்.

சம்பந்தியம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அந்த ஒண்ணு எங்க சாமி மாடத்துல இருக்குதுங்க" என்று அவரிடம் சொன்னார்.